வண்டி மை

சட்டையைக் கழற்றி நான்காய் மடித்து, அதைச் செருப்பின் மேல் வைத்த பிறகுதான் தேவசகாயம் படகுக்கு அடியில் போவார். படகு சவுக்குக் கட்டைகளின் மேல் ஒருக்களித்து நிற்கும். மல்லாந்து படுத்து, குதிகாலை ஊன்றி ஊன்றி உள்ளே நகர்வார். கடைசியில் வெளியே தெரிவது இரண்டு முழங்காலும் காக்கி அரைக்கால் சட்டையின் விளிம்பும்தான். படகின் அடிவயிற்றில் நீளவாக்கில் ஒரு பிளவு இருக்கும். அதற்குள் ஆள்காட்டி விரலை விட்டு ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் இழுப்பார். இழுத்த விரலை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பார். உப்பும் பாசியும் மட்டும் மணந்தால்தான் அவர் முகத்தின் இறுக்கம் சற்றுத் தளரும், வேலையும் தொடங்கும்.

ஒரு கோணியை விரித்து அதன் மேல் சாமான்களைப் பரப்பி வைத்திருப்பார். விழுப்புரம் காயலான் கடையில் பொறுக்கிய லாரி வில்லின் இரும்புப் பட்டை ஒன்று. அதைச் சாணை பிடித்துப் பிடித்துத் தோசைத் திருப்பி கனத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். முனை வளைத்த சைக்கிள் கம்பி, துணி சுற்றிய ரம்பத் தகடு, மரச் சுத்தி, தென்னை நார், லாரி ட்யூபில் அறுத்தெடுத்த ரப்பர்ப் பட்டைகள். ஒரு மெக்கானிக்கின் பையில் எது முதலில் இருக்க வேண்டுமோ அது மட்டும் இருக்காது. சொட்டு எண்ணெய் கிடையாது, கிரீஸ் கிடையாது.

போன மாசம் படகில் புதிதாய்ச் சேர்ந்த ஒருவன், பாவம், நல்ல மனசோடு கேட்டுவிட்டான். "எண்ணெ கொஞ்சம் கொண்டாரட்டுமா மேஸ்திரி? வேலை ஜல்தியா முடிஞ்சிடும்ல?"

முழங்கால்கள் அப்படியே நின்றன. பிறகு ஆள் முழுசாய் வெளியே வந்தார். முதுகெல்லாம் மணல். "எண்ணெயா? உன் தலைக்குத் தேச்சிக்கோ போ! இந்தப் படகாண்ட எண்ணெயத் தூக்கிக்கினு எவனாவது வந்தான்னு வையி, கைய ஒடிச்சிடுவேன்!" வலது பக்கம் ஒரு பல் இல்லாததால் கோபத்தில் காற்றுத்தான் அதிகம் வரும். புதியவன் சிரித்துவிட்டான். சுற்றி நின்ற மற்றவர்கள் சிரிக்கவில்லை. அவன் சட்டையைப் பிடித்து அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்கள்.

தேவசகாயத்துக்கு வயது ஐம்பத்திரண்டு. திண்டிவனத்தில் சென்னை ரோட்டோரம் உள்ள ஒரு பட்டறையில் வேலை. லாரியும் வரும், மாட்டு வண்டியும் வரும். லாரிக்கு ஆள் உண்டு, வண்டிக்கு அவர்தான். கடல் அவருக்கு அப்பன் பாட்டன் வழிச் சொத்து இல்லை. நாற்பத்தெட்டு வயது வரை அதை வேளாங்கண்ணிக்குப் போனபோது ஒரு தரம் பார்த்ததோடு சரி. இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிறு, காலைப் பூசை முடிந்ததும் மரக்காணம் பஸ்ஸில் ஏறி, உப்பளத்து வரப்பில் மூன்று மைல் நடந்து சவுக்குமேட்டுக் குப்பத்துக்கு வந்துவிடுகிறார். கேட்டால், "வேலை இருக்குது" என்பார். யார் கொடுத்த வேலை என்று மேலே கேட்டால் சாமான் பையைத் தூக்கிக்கொள்வார்.

அந்தப் படகுகள் குப்பத்துக்கு வந்த கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எண்பத்து நாலில் அடித்த புயல் குப்பத்துக் கட்டுமரங்களில் பாதியை வாரிக்கொண்டு போயிற்று. அடுத்த வருஷம் வெளிநாட்டுச் சங்கம் ஒன்று நான்கு பாய்ப்படகுகளைக் கொண்டுவந்து இறக்கிற்று. வெள்ளை வெளேரென்று ஃபைபர் படகுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் பெட்டி மாதிரி ஒரு கூடு. அந்தக் கூட்டுக்குள் ஆள் உயரத்தில் ஒரு பலகை. கயிற்றைத் தளர்த்தினால் பலகை படகின் அடிவயிற்றைத் தாண்டித் தண்ணீருக்குள் இறங்கும். காற்று பக்கவாட்டில் தள்ளினாலும் படகு வழுக்காமல் நேரே போகும். கரையை நெருங்கும்போது கயிற்றை இழுத்துப் பலகையைக் கூட்டுக்குள் ஏற்றிவிட வேண்டும். ஏற்றாவிட்டால், அலை படகைத் தூக்கிக் கரையில் போடுகிற நேரத்தில் பலகை மணலில் குத்தி நிற்கும். அப்புறம் படகு குப்புற விழ வேண்டியதுதான்.

சங்கத்துக்காரர்கள் ஆழமான துறைமுகத்தில் நிறுத்தும் படகை மனதில் வைத்துச் செய்திருப்பார்கள் போலிருக்கிறது. சவுக்குமேட்டில் துறைமுகம் ஏது? தினமும் மணலில் இழுத்துத்தான் கரையேற்ற வேண்டும். இழுக்க இழுக்க அடிப்பிளவு வழியாக மணலும் கிளிஞ்சலும் கூட்டுக்குள் ஏறின. மூன்றாம் மாசமே இரண்டு படகில் பலகை சிக்கிக்கொண்டது. சங்கத்தின் ஜீப் ஒரு மெக்கானிக்கைத் தேடித் திண்டிவனத்துக்கு வந்தது. பட்டறை முதலாளி, இறுகிப்போன ஆணி கழற்ற இவனை விட்டால் ஆளில்லை என்று தேவசகாயத்தை ஏற்றி அனுப்பினார்.

அன்றைக்கு அவர் படகைச் சுற்றி வந்து, கூட்டை எட்டிப் பார்த்து, பலகையின் முன்முனையில் அது திரும்புகிற ஆணியைத் தட்டிப் பார்த்தார். "இதுல என்னாங்க இருக்குது? அச்சுத்தான். வண்டி அச்சு. ஒண்ணு சுத்துது, ஒண்ணு ஏறி எறங்குது, அவ்ளோதான்" என்றார். அரை நாளில் இரண்டு பலகையையும் விடுவித்துவிட்டார். அதோடு கிளம்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அச்சு என்று கண்ணில் பட்டுவிட்டால் வண்டிக்காரன் கை சும்மா இருக்குமா? தன் மூங்கில் குழாயை எடுத்தார். வைக்கோலைக் கரியாக்கி, விளக்கெண்ணெயில் குழைத்து, வண்டிக்கு வைக்கிற மை அதில் இருந்தது. இரண்டு கை அள்ளி ஆணியிலும் கூட்டின் உட்சுவரிலும் வழித்துப் பூசினார். பலகை ஒரு விரலுக்கு ஏறி ஒரு விரலுக்கு இறங்கிற்று.

குப்பம் அசந்துபோயிற்று. "வெண்ணெ மாரி போவுதுய்யா" என்று பச்சைமுத்து என்கிற படகுக்காரன் கயிற்றை விட்டு விட்டு இழுத்துப் பார்த்துச் சின்னப்பிள்ளை போல விளையாடினான். காலனிக்காரர் என்று தெரிந்தும் அன்றைக்கு அவரை வலைக்கொட்டகை நிழலில் உட்காரவைத்து, வஞ்சிர மீன் குழம்பு ஊற்றிச் சோறு போட்டார்கள். பிறந்த நாளிலிருந்து வாசலுக்கு வெளியே நின்று பழகியவர் அவர். அந்தச் சாப்பாட்டின் ருசி அவரை ஆட்டிவைத்தது என்று நான் நினைக்கிறேன். இரண்டு மாசத்துக்கு ஒரு தரம் கூப்பிடாமலே போனார். போகும்போதெல்லாம் மேலே மேலே மை வைத்தார்.

மாட்டு வண்டி மண்ணுக்கு மேலே ஓடுகிறது. படகு மணலில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு ஏறுகிறது. மை மணலைப் பிடித்துக்கொள்ளும், மணலும் மையும் சேர்ந்தால் உப்புத் தண்ணீரில் நாள்பட நாள்பட இறுகும். இதெல்லாம் இன்றைக்கு அவருக்குத் தெரியும். அன்றைக்கு அவருக்கும் தெரியாது, வண்டியே ஓட்டாத குப்பத்துக்காரர்களுக்கும் தெரியாது. கடல் தெரிந்தவனுக்கு மை தெரியாது, மை தெரிந்தவனுக்குக் கடல் தெரியாது.

பச்சைமுத்து மட்டும் ஒரு தரம் சொன்னான். "மேஸ்திரி, கூட்டுக்குள்ள கைய வுட்டா நறநறங்குதுய்யா. முன்ன மாரி வழவழன்னு இல்ல."

"மை போதலப்பா" என்றார் தேவசகாயம். இன்னும் இரண்டு கை அள்ளி வைத்தார்.

எண்பத்தாறாம் வருஷம் ஆடி மாசம். பச்சைமுத்துவும் அவன் தம்பி மண்ணாங்கட்டியும் விடியலில் போய்விட்டு உச்சி வேளைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அலை அன்று பெரியது. தம்பி சுக்கான் பிடித்தான். அண்ணன் நடுவில், பலகைக் கயிற்றில். கரையோரத்து அலையில் படகு ஏறியதும் பலகை மணலில் குத்தியது. படகு தலைகீழாய்ப் புரண்டது. தம்பி தூக்கி எறியப்பட்டுப் பிழைத்தான். அண்ணனைப் படகுக்கு அடியிலிருந்து எடுத்தார்கள்.

"பலகையத் தூக்கு, பலகையத் தூக்குன்னு தொண்ட கிழியக் கத்தினேன். அண்ணன் தூக்கல" என்று மண்ணாங்கட்டி அழுதான். அவன் கண்ட உண்மை அது. முதல் நாள் ராத்திரி குப்பத்தில் ஒரு காதுகுத்து. ஆண்பிள்ளைகள் எல்லாரும் குடித்திருந்தார்கள். போதை தெளியாமல் கடலுக்குப் போனான், குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தான் என்று ஊர் முடிச்சுப் போட்டுவிட்டது.

சவுக்குமேட்டில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் செத்தவன் வீட்டு வாசலில் ஒரு வருஷத்துக்குத் தினம் ஒரு கூடை மீன் இறங்கும். படகுகள் முறை வைத்துக் கொடுக்கும். குடித்துவிட்டுக் கடலில் இறங்கியவன் வீட்டுக்கு அது கிடையாது. அவன் கருமாதிக்கும் ஊர் வராது. பச்சைமுத்துவின் மனைவி தையல்நாயகி பதினாறாம் நாள் இலை போட்டுவிட்டு வாசலைப் பார்த்தபடி இருந்தாள். போட்ட இலைகளைக் காக்கைதான் வந்து கிளறிற்று. அவள் ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், அவன் முதல் நாள் குடிக்கவில்லை, பல்வலி என்று சீக்கிரமே வந்து படுத்துவிட்டான் என்று. செத்தவன் பெண்டாட்டி வேறு என்ன சொல்வாள் என்றார்கள்.

கவிழ்ந்த படகு கரையில் குப்புறக் கிடந்தது. அதன் முதுகில் பலகை விறைத்து நின்றது. படகைச் சரிசெய்து வேறு வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று சங்கம் சொல்லி, பலகையை எடுக்கத் தேவசகாயத்துக்கு ஆள் அனுப்பினார்கள்.

அவர் வந்து படகின் மேல் ஏறி உட்கார்ந்தார். கயிறு அறுந்திருக்கும், அல்லது ஒரு கூழாங்கல் சிக்கியிருக்கும் என்றுதான் நினைத்தாராம். பட்டையை விட்டு நெம்பினார். அசையவில்லை. ரம்பத் தகட்டை விட்டு அறுத்தார். அப்போது பிளவிலிருந்து ஒரு பாளம் பெயர்ந்து கையில் விழுந்தது. கறுப்பு, செங்கல் போல் கெட்டி, உடைத்தால் உள்ளே மணல். மோந்து பார்த்தார். விளக்கெண்ணெயும் வைக்கோல் கரியும்.

தலைப்பைப் போர்த்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்திருந்த தையல்நாயகி அப்போது எழுந்து வந்தாள். "மேஸ்திரி, தண்ணி வேணுமா?" என்று கேட்டாள். அவர் பாளத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவளே பேசினாள். யாரிடமாவது பேச வேண்டியிருந்தது அவளுக்கு.

"வலது கையில மூணு நகம் பேந்துகினு இருந்தது மேஸ்திரி. மிச்ச நகத்துல எல்லாம் கறுப்பு. சீயக்கா போட்டுத் தேய்ச்சேன், போவல. அப்பிடியேதான் குழியில வெச்சோம். குடிச்சிட்டுக் குந்திக்கினு இருந்தவன் கையா மேஸ்திரி அது? நீயே சொல்லு."

தேவசகாயம் அந்தப் பாளத்தைக் கைக்குள் மூடிக்கொண்டார். "தெரியலைம்மா" என்றார். கயிற்றை இழுத்துப் பார்த்து, அது வராமல் போக, மனுஷன் கூட்டுக்குள் கையை விட்டு நகத்தால் சுரண்டியிருக்கிறான். அலை வந்து கவிழ்க்கிற வரைக்கும், ஒருவேளை கவிழ்ந்த பிறகும். அதனால்தான் அவன் தலை நிமிரவில்லை. இத்தனையும் அந்த ஒரு நொடியில் அவருக்குப் புரிந்துபோயிற்று. புரிந்தும், தெரியலைம்மா என்றார்.

பாளத்தை டிபன் பாக்ஸில் போட்டு மூடி, வேலையைப் பாதியில் விட்டு, உடம்பு சரியில்லை என்று சொல்லி ஊர் திரும்பினார். நான்கு ஞாயிறு குப்பத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. டிபன் பாக்ஸ் அடுப்பங்கரைப் பரணில் இருந்தது. பட்டறைக்குச் சோறு வாழையிலையில் கட்டி எடுத்துப் போனார். மனைவி இருதயமேரி ஒரு நாள் அதை இறக்கித் திறந்து பார்த்துவிட்டாள்.

"இன்னாங்க இது, கல்லு மாரி?"

சொன்னார். அவள் பாக்ஸை மூடினாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னாள்: "வாய மூடிக்கினு இருங்க. அது தெரிஞ்சு செஞ்சதா? குப்பத்துக்காரங்க வெட்டிக் கடல்ல போட்டாலும் கேக்க நமக்கு ஆளு கிடையாது. விழுப்புரத்துல குடுத்த பொண்ணு மாசமா இருக்குது. அதுக்காவது வாய மூடிக்கினு இருங்க."

அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அவள் இடத்தில் நானிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவர் கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தார். "சாமியாரு நல்ல மனுஷன். தெரியாம செஞ்சது பாவமில்லன்னாரு. செபமாலையில அம்பத்து மூணு மணியும் உருட்டிச் செபம் சொல்லச் சொன்னாரு. சொன்னேன். செபம் சொன்னா எனக்கு நல்லது, அந்தப் பொம்பளைக்கி என்னா? ஊரு வந்து அந்த எலையில குந்துமா?" என்பார். சொல்லிவிட்டு இல்லாத பல்லின் இடத்தை நாக்கால் தொட்டுக்கொள்வார்.

ஐந்தாம் ஞாயிறு டிபன் பாக்ஸோடு பஸ் ஏறினார். வலைக்கொட்டகையில் ஊர்ப் பஞ்சாயத்து கூடியிருந்தது. பச்சைமுத்துவின் படகை எந்த வீட்டுக்குக் கொடுப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நாட்டார் பெரியதம்பி, ஊருக்குத் தலைவர், இவரைப் பார்த்துச் சிரித்தார். "வாய்யா மேஸ்திரி! எங்க ஆளயே காணோம்? பலகைய வுட்டுட்டு ஓடிட்ட, பேஜாராப் போச்சு. இன்னா, டிபன் பாக்ஸத் தூக்கிக்கினு வந்துட்ட?"

தேவசகாயம் கொட்டகைக்கு வெளியே வெயிலிலேயே நின்றார். சட்டையைக் கழற்றினார். அவர் அப்பன் காலத்தில் ஊரார் முன்னால் அப்படித்தான் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் கை தானாய் அதைச் செய்துவிட்டது என்கிறார். பாக்ஸைத் திறந்து மணலில் வைத்தார்.

"இது கூட்டுக்குள்ள இருந்ததுங்க ஐயா. என்னோட மை. நான் வெச்ச மை. மணலோட சேந்து இறுகிப் பலகையப் புடிச்சிக்கிச்சு. அந்த மனுஷன் குடிக்கல. பலகையத் தூக்கத்தான் பாத்திருக்காரு, வரல. என்னாலதான் வரல."

நாட்டார் பாளத்தை எடுத்து உடைத்துப் பார்த்தார். "எப்பத் தெரியும் உனக்கு?"

"ஒரு மாசமா."

"ஏன் சொல்லல?"

"பயந்துட்டேங்க."

முதலில் எழுந்தவன் மண்ணாங்கட்டி. இத்தனை நாளாய், அண்ணன் பலகையைத் தூக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த வாய் அவனுடையது. அந்தக் கோபத்தை யார் மேல் இறக்குவது? எதிரில் நின்றவர் மேல்தான் இறக்கினான். பல் போனது அப்போதுதான். இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். தேவசகாயம் கையைக்கூடத் தூக்கித் தடுக்கவில்லை, மணலில் விழுந்து கிடந்தார்.

பெண்கள் பஞ்சாயத்துக்குள் வரக்கூடாது. தையல்நாயகி வந்தாள். அடிக்கிறவர்களுக்கு நடுவில் புகுந்து, அவரைப் பார்க்காமல், கீழே கிடந்த பாளத்தை எடுத்தாள். வலது கை நகத்தால் அதை அழுத்திச் சுரண்டினாள். கையை வெயிலில் நீட்டி நகங்களைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அந்தக் கையை ஊருக்கு முன்னால் நீட்டினாள்.

"இப்ப சொல்லுங்க, குடிகாரன்னு" என்றாள்.

யாரும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து அவள் வாசலில் கூடை இறங்கியது. படகு அவள் வீட்டுக்கே என்று தீர்ந்தது. கருமாதி இரண்டாம் தரம் நடந்தது, இந்தத் தடவை ஊர் வந்து இலையில் உட்கார்ந்தது. தேவசகாயத்தை ஊர்க் காலில் விழச் சொன்னார்கள், விழுந்தார். "அதெல்லாம் எங்க ஆளுங்களுக்குப் பழக்கம்தான்" என்று அதைப்பற்றிச் சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்காது. தையல்நாயகியின் காலிலும் விழப் போனார். அவள் காலை இழுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

"நீ வெச்ச மைய நீயே சொரண்டி எடு. நாலு படகுலயும் ஒரு பொட்டு இருக்கக் கூடாது" என்பது நாட்டாரின் தீர்ப்பு. நான்கு ஞாயிறு பிடித்தது. ஐந்தாவது ஞாயிறு வரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அவர் வந்தார். இந்த ஆடியோடு மூன்று வருஷம் ஆகிறது, வந்துகொண்டே இருக்கிறார். மழைக்காலத்தில் உப்பளத்து வரப்பு முழுகினால் முழங்கால் தண்ணீரில் சாமான் பையைத் தலையில் வைத்துக்கொண்டு வருகிறார். மீன் கொடுத்தால் வாங்குவதில்லை. சோறு போட்டால், ஆயிற்று என்கிறார்.

வேலை முறையே மாறிவிட்டது. கிளிஞ்சலைக் கம்பியால் ஒவ்வொன்றாய்க் கொக்கி போட்டு எடுப்பார். கடப்பாறையால் நெம்பவே மாட்டார், கூடு விரிந்துவிடும். அடிப்பிளவின் இரண்டு உதட்டிலும் ட்யூப் ரப்பரை ஒட்டி, மணல் ஏறாமல் வாயை அடைத்திருக்கிறார். படகுக்காரர்களுக்கு அவர் சொல்லும் பாடம் அவர்களுக்கு மனப்பாடம். "கரையேறினதும் ரெண்டு கொடம் நல்ல தண்ணி ஊத்து. பத்து வாட்டி ஏத்தி எறக்கு. ஈர மணல்ல குந்த வெக்காத. கயிறு ஒத்தக் கைக்கு வரல்லன்னா அன்னிக்குக் கடலுக்குப் போவாத." முன்பு மேஸ்திரி என்று கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் இப்போது எப்படியும் கூப்பிடுவதில்லை. ஆனால் சொன்னதைச் செய்கிறார்கள்.

பச்சைமுத்துவின் படகை அவர் எப்போதும் கடைசியில்தான் எடுப்பார். அதை இப்போது மண்ணாங்கட்டி ஓட்டுகிறான். வேலை முடிந்து, நல்ல தண்ணீர் ஊற்றி, பத்து தரம் ஏற்றி இறக்கிய பிறகு அவர் வெளியே வந்து, சட்டை போடாமல், ஓரமாய் நிற்பார். தையல்நாயகி வீட்டிலிருந்து வருவாள். மூன்று வருஷத்தில் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. குனிந்து, பிளவுக்குள் வலது கையை மணிக்கட்டு வரை விட்டு, உட்சுவரில் நகத்தால் அழுத்தி இழுப்பாள். முதலில் ஒரு சுவர், பிறகு மறு சுவர். கையை எடுத்து வெயிலில் விரித்து ஒவ்வொரு நகமாய்ப் பார்ப்பாள். முந்தானையில் துடைத்துக்கொண்டு போய்விடுவாள். அதற்குப் பிறகுதான் அவர் சட்டையைத் தொடுவார்.

போன ஞாயிறு வேலை இழுத்துவிட்டது. புது ரப்பர் ஒட்டி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. மரக்காணத்திலிருந்து கடைசி பஸ்ஸுக்கு ஓட்டமாய்ப் போனால்தான் பிடிக்கலாம். அவள் வந்து கையை விட்டுப் பார்த்தாள், எடுத்தாள். வழக்கம்போல் முடிந்தது என்று அவர் சட்டையை எடுத்து ஒரு கையை நுழைத்துவிட்டார். அவள் போகவில்லை. நடுவிரல் நகத்தின் ஓரத்தில் எள்ளளவு கறுப்பு. அந்தக் கையை அவர் பக்கம் நீட்டியபடி நின்றாள்.

"அது ரப்பருதான் அண்ணி. புது ட்யூபு, அப்பிடித்தான் ஒட்டும்" என்றான் மண்ணாங்கட்டி. "வுடு, அவுருக்கு பஸ்ஸு போயிடும்."

ரப்பர்தான். தேவசகாயத்துக்கும் அது தெரியும். அவர் அதைச் சொல்லவில்லை. நுழைத்த கையைச் சட்டையிலிருந்து உருவினார். சட்டையை நான்காய் மடித்துச் செருப்பின் மேல் வைத்துவிட்டு, மறுபடியும் மல்லாந்து படுத்துப் படகுக்கு அடியில் நகர்ந்தார்.